கண்ட்ரோல் கிண்ணம்

ஆவணி 6, புதன்

ஐந்தாவது வரை படித்த கை. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். வாசிக்க யாரும் இல்லாத எழுத்துக்கு வடிவு எதற்கு? இந்த வீட்டில் காலை ஒன்பது மணிக்கு மேல் பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். என் பேத்தி கோயம்புத்தூர் விடுதிக்குப் போகும்போது பாதி எழுதாமல் விட்டுப்போன நோட்டு இது. நான் படுப்பதும் அவள் அறையில்தான்.

சித்திரையில் கழுகுமலையில் என் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வழுக்கியது சும்மா இல்லை. என் ஓரகத்தி சண்முகவடிவு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, அவள் வீட்டுக் கழுவுதண்ணீரை என் பக்கம் ஓட விட்டிருந்தாள். பாசி பிடித்துக் கிடந்தது. எத்தனை தடவை சொன்னேன்! யாரோ பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகன் சங்கரநாராயணன் வந்து, ஆபரேசன் முடித்து, திருச்சிக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

நாலாவது மாடி. லிப்ட் ஆனி மாதத்திலிருந்து ரிப்பேர். ஆடியில் ஒருநாள் நான் வாக்கரை வைத்துக்கொண்டு ஒரு மாடி இறங்கி, மேலே ஏற முடியாமல் படியில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறான்.

“என்னிக்குல என்னைக் கொண்டுபோய் விடுவ?”

“எம்மா, தேன்மொழி ஆராய்ச்சி முடியட்டும். அவ லீவு போட்டு ஒங்கூட வந்து ஒரு மாசம் இருப்பா. அதுக்கப்புறம் நீ பாட்டுக்கு இரு.”

தேன்மொழி என் மருமகள். காலேஜில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள், டாக்டர் பட்டத்துக்கும் படிக்கிறாள். நாற்பத்தைந்து வயதில். அவள் கல்யாணத்தில் அவள் அம்மா சம்பந்தி பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் வைக்காமல் தாண்டிப் போனது எனக்கு மறக்கவில்லை. பச்சைச் சேலை, மாம்பிஞ்சுக் கரை. தாண்டிப் போனாள்.

ஆவணி 9, சனி

தேன்மொழி ஆட்டோவில் தட்டுகளும் கண்ணாடிக் குப்பிகளுமாக வந்து இறங்கினாள். காலேஜ் ஆராய்ச்சி அறையில் கூரையைப் பெயர்த்து வேலை நடக்கிறதாம். என் அறையை ஒட்டிய குளியலறையில் எல்லாவற்றையும் பரப்பினாள். வெள்ளைத் தட்டில் தண்ணீர், தண்ணீருக்குள் நெளிநெளியாக என்னமோ.

“என்னது இது?”

“கொசுப்புழு, அத்தை.”

“ஊர்ல உள்ளவன்லாம் கொசுவ வெளிய வெரட்டுதான். நீ ஆட்டோ வச்சுக் கூட்டியாந்திருக்க.”

சிரித்தாள். டெங்கு கொசுவின் புழுவாம். மேலே வலை கட்டியிருக்கிறாள். கூடு கட்டுகிற பருவம் வந்ததும் எடுத்து அழித்துவிடுவாளாம், ஒன்றுகூடப் பறக்காதாம்.

அவள் ஆராய்ச்சி இதுதான். சீத்தாப்பழ விதையை அரைத்து, ஸ்பிரிட்டில் ஊற வைத்து, வடிகட்டி, வற்ற வைத்தால் தார் மாதிரி ஒரு பிசின் வருகிறது. அதைத் துளியளவு தண்ணீரில் கலந்தால் புழு செத்துவிடும். சீத்தா விதை பேனையே கொல்லுமே, எனக்குத் தெரியாதா என்றேன்.

“அது எல்லாருக்கும் தெரியும் அத்தை. விதையில எந்தப் பொருள் கொல்லுது, எவ்வளவு குறைச்சுப் போட்டா போதும், அதே தண்ணியில இருக்கற மீனுக்கு ஒண்ணும் ஆகாம இருக்குமா, அதைத்தான் நான் பாக்கறேன்.”

போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

ஆவணி 10, ஞாயிறு

புழுவுக்கு நாய் பிஸ்கட்டைப் பொடித்துப் போடுகிறாள். எனக்கு கோதுமை ரவை உப்புமா.

ஆவணி 14, வியாழன்

காலையில் அவள் காகிதக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் புழுவை எண்ணி விட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு மருந்து. கடைசிக் கிண்ணத்தைத் தனியாக நகர்த்தி வைத்து ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள்.

“அதுல என்ன எழுதியிருக்க?”

“கண்ட்ரோல், அத்தை. அதுதான் முக்கியம்.” அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே கிளம்பிப் போய்விட்டாள்.

கண்ட்ரோல் எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. கல்யாணமான புதிதில் ரேசன் துணி விற்ற கண்ட்ரோல் கடையில் வரிசையில் நின்று வாங்கிய சேலையைத்தான் கட்டினேன். நல்ல சேலையை மாமியார் சண்முகவடிவுக்குக் கொடுத்தாள். இப்போது டாக்டர் மாசாமாசம் சொல்கிறார், பாட்டி சுகரைக் கண்ட்ரோலில் வைக்க வேண்டும் என்று. அப்படியென்றால் அடக்கி வைக்கிறது. எது அடங்க வேண்டுமோ அதற்குத்தான் அந்தப் பெயர்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மற்ற கிண்ணங்களில் பாதிக்கு மேல் அடியில் கிடக்கின்றன. கண்ட்ரோல் கிண்ணத்தில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலும் கீழும் போய் வந்துகொண்டு, ஏதோ அவர்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி. முக்கியம் என்றாளே, மருந்து போட மறந்துவிட்டாளோ?

இது முடிந்தால்தான் நான் ஊருக்குப் போக முடியும்.

ஆவணி 15, வெள்ளி

காலையில் எல்லாரும் போன பிறகு ஒரு உபகாரம் செய்தேன். என் முட்டிக்குப் பூசுகிற வேப்பெண்ணெயில் ஒரு கரண்டி, கண்ட்ரோல் கிண்ணத்துக்கு. சோறு வடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. பார்க்க நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் தேன்மொழி பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். எண்ணுகிற நேரமாம். குளியலறைக்குள் போனாள். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. எனக்குக் கண்தான் மங்கல்.

ராத்திரிச் சாப்பாட்டில் புருசனிடம் சொன்னாள்.

“கண்ட்ரோல் செத்துப்போச்சுங்க. மருந்தே போடாம சும்மா தண்ணியில விட்டது அது. அது உசிரோட இருந்தாதான் மத்ததெல்லாம் மருந்தாலதான் செத்துச்சுன்னு சொல்ல முடியும். சும்மா இருந்ததே செத்துட்டா, மத்தது எதுக்குச் செத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் தூக்கிக் கொட்டிட்டேன். திரும்ப முட்டையிலேருந்து ஆரம்பிக்கணும்.”

“தண்ணி சரியில்லையோ?” என்றான் சங்கரன். “லாரித் தண்ணிலா? பிளீச்சிங் பவுடர் கூடப் போயிருக்கும்.”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, “இருக்கும்” என்றாள்.

இருக்கும். இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லைதான். எனக்கே வந்த நாளிலிருந்து முடி கொட்டுகிறது.

ஆவணி 16, சனி

வேப்பெண்ணெய்க் குப்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். முட்டியில் வலி இல்லை.

ஆவணி 27, புதன்

முட்டை பொரிந்துவிட்டது. ஊசிமுனை மாதிரி இருக்கின்றன. காலேஜில் பரீட்சை வேலை, பகலில் அவளால் வர முடியவில்லை. பிஸ்கட் பொடியை நான் போடுகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது.

“நெறைய போட்றாதீங்க அத்தை, தண்ணி நாறிடும்.”

“பிள்ளை வளர்த்தவளுக்குச் சோறு போடச் சொல்லித் தாரியா?”

பல்லி ஒன்று வலை மேல் வந்து உட்காருகிறது. விளக்குமாறு வைத்திருக்கிறேன்.

சங்கரன் இன்று ஊருக்குப் போன் பேசும்போது பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான்.

புரட்டாசி 4, வியாழன்

எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தாள். கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. புழு பெரிதாக, மயிரும் தலையுமாகத் தெரிகிறது. வாலில் உள்ள குழலைத் தண்ணீர் மட்டத்தில் நீட்டி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்குகிறது.

“ஊசியால கழுத்துப் பக்கம் லேசாத் தொடுங்க. அசையலன்னா செத்தது.”

“இது அசையுதே.”

“மேல வருதா?”

“வரல. கெடந்து நெளியுது.”

“அப்ப அதையும் செத்ததுல சேர்த்துக்குங்க.”

“உசிரோட நெளியுதுங்கேன்!”

“கிண்ணத்தைத் தட்டினா மேல ஏறி வரணும் அத்தை. ஏறி வர முடியாதது பொழைக்காது. உலகம் பூரா இப்படித்தான் எண்ணுவாங்க.”

“உலகம் பூரா செஞ்சா சரியாயிருமா? உசிரு இருக்கதச் செத்ததுன்னு எழுத ஒனக்குக் கை வருதா?”

“விதி அது. நான் என்ன பண்ண?”

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அவளே எண்ணிக்கொண்டாள். ஒரு தரம்கூடப் பொறுத்துப் பார்க்கவில்லை. தட்டினாள், பார்த்தாள், எழுதினாள். கண்ட்ரோல் கிண்ணத்தில் எல்லாம் உயிரோடு இருந்தன. அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

இப்படி மூன்று முறை சரியாக வர வேண்டுமாம். ஒன்று முடிந்தது.

புரட்டாசி 5, வெள்ளி

அவள் போன பிறகு, அடியில் நெளிந்துகொண்டிருந்தவற்றைக் கொட்டாமல் ஒரு டம்ளரில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் நின்றுவிட்டன. அவளிடம் சொல்லவில்லை.

புரட்டாசி 12, வெள்ளி

மத்தியானம் செல்போன் அடித்தது. சண்முகவடிவு. எனக்கு அவள் போன் பண்ணுகிறவளே இல்லை.

“அக்கா, நல்லாருக்கியளா? ஒண்ணுமில்ல, ஒங்க அரங்கு வீட்டுக் கதவு எறுகிப் போயிருக்கு. ஒங்களுக்கு ஏதும் தந்திரம் தெரியுமான்னு கேக்கத்தான். மழைக்கு மரம் ஊறிட்டு போல.”

“என் வீட்டு அரங்குல ஒனக்கு என்னட்டி சோலி?”

“சங்கரன் சொல்லலியா? ஆனி மாசமே சாவியக் குடுத்துட்டுப் போனாம்லா. எங்க மூத்தவ குடும்பம் அங்கதான் இருக்கு. இனி அம்மை எங்க எந்திச்சு வரப்போறா, பூட்டிக் கெடந்தா செல்லரிச்சிப் போகும் சித்தி, நீங்க பொழங்குங்கன்னு அவந்தான்...”

போனை வைத்துவிட்டேன். உள்ளறையான அரங்கு வீட்டுக் கதவை வலது தோளால் ஒரு இடி இடித்துக்கொண்டே தாழை மேலே தூக்க வேண்டும். சொல்லவில்லை. உடைக்கட்டும்.

சங்கரன் ஏழு மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்ற விடவில்லை.

“என் வீட்டுச் சாவி எங்கலே?”

முகம் போன போக்கிலேயே தெரிந்துவிட்டது. “எம்மா, அங்க உன்னை யாரு பாத்துக்கிடுவா?”

“ஆராய்ச்சி முடியட்டும்னு சொன்னியே?”

“அது... உன் மனசு ஆறட்டும்னு சொன்னது.”

தேன்மொழி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். “எந்த ஆராய்ச்சி? என்னோடதா?”

“நீ சும்மா இரு தேனு.”

“இல்ல, சொல்லுங்க. என் வேலை முடியறதுக்காகத்தான் உங்கம்மாவ இங்க பூட்டி வெச்சிருக்குன்னு சொன்னீங்களா? அவங்க இத்தன நாளா என்னைப் பாக்கற பார்வைக்கு அதுதான் காரணமா?”

அவன் கத்தினான். அவன் கத்தினால் அவன் அப்பா மாதிரியே தொண்டை உடையும். “மதியத்துலேருந்து அந்தி வரைக்கும் முத்தத்துல கெடந்திருக்கா! வாய் வறண்டு, ஒண்ணுக்குப் போய், அப்படியே! சண்முகவடிவு சித்தி ராத்திரி வெளக்கு எரியலியேன்னு செவுரேறிக் குதிச்சுப் பாக்கலன்னா மறுநாள் நான் பொணத்ததான் பாத்திருப்பேன். மறுபடி அங்கயே விடச் சொல்லுதியா?”

பாசி பிடிக்க விட்டவளும் அவள்தானே. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

புரட்டாசி 13, சனி

சாப்பிடவில்லை. புழுவுக்கு மட்டும் போட்டேன்.

புரட்டாசி 15, திங்கள்

காலையில் சங்கரன் முதலில் கிளம்பினான். தேன்மொழி கடைசியாகப் போனாள். பூட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. கிரில் கதவு சும்மா சாத்தியிருந்தது. அவளுக்கு மறதி கிடையாது.

வாக்கரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். முதல் படி. இரண்டாவது படி. அதற்கு மேல் கால் வேண்டாம் என்றது. திரும்பி வந்து படுத்தேன். வேர்வை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இரண்டாவது முறையும் சரியாக வந்துவிட்டது என்று சாயங்காலம் சொன்னாள். நான் படியில் இறங்கியதைச் சொல்லவில்லை.

புரட்டாசி 24, புதன்

எட்டுப் படி.

ஐப்பசி 3, வெள்ளி

இன்று கடைசி எண்ணிக்கை. பதினொரு மணிக்குத் தேன்மொழி போன் பண்ணினாள். “அத்தை, பிரின்சிபால் கூட்டத்துல உக்கார வெச்சுட்டார். என்னால வர முடியாது. நேரம் தவறினா செல்லாது. நீங்க எண்ணுவீங்களா?”

“உன் கணக்குப்படி எண்ண எனக்கு மனசு வராதே.”

“தெரியும். நீங்க பாக்கறத அப்படியே எழுதுங்க. செத்தது தனியா, ஏற முடியாதது தனியா. நான் வந்து கூட்டிக்கறேன்.”

உட்கார்ந்தேன். கிரில் கதவு பூட்டாமல் கிடந்தது. இடுப்பு கழன்றுவிடும் போல் வலித்தது. ஒவ்வொன்றாகத் தொட்டேன். அசையாதவை. அசைந்து மேலே வந்தவை. அசைந்தும் வராதவை. வராதவற்றை இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன். பொறுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் எழுதினேன்.

கண்ட்ரோல் கிண்ணத்தில் எல்லாம் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கின. ஒன்றும் குறையவில்லை.

சாயங்காலம் அவள் என் எழுத்தைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “திங்கக்கிழமை கார் சொல்லியிருக்கேன். நான் ஒரு வாரம் கூட இருப்பேன். சித்திகிட்ட வீட்டக் காலி பண்ணித் தரச் சொல்லிட்டேன்” என்றாள்.

“ஒம் புருசன்?”

“அவர் பேசல. பேசுவார்.”

ஐப்பசி 6, திங்கள்

சங்கரன் கீழே வரை தூக்கிக்கொண்டு வந்தான், நாற்காலியோடு. அவனும் வாட்ச்மேனும். காரில் என் காலை மடக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். கதவுக்குள் என் சேலைத் தலைப்பு மாட்டியிருந்தது. மறுபடி திறந்து, எடுத்து மடியில் போட்டுவிட்டுச் சாத்தினான்.

மதுரை தாண்டியது. அப்புறம் தேன்மொழி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னிக்குக் கண்ட்ரோல் கிண்ணத்துல தண்ணி மேல எண்ணெய் மெதந்துச்சு அத்தை.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

“அவர்ட்ட சொல்லல” என்றாள்.

எதற்குச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் ஒரு கடனாகிவிடும்.

கழுகுமலை வந்தபோது மூன்று மணி. என் வீட்டுக் கதவைச் சண்முகவடிவு உள்ளேயிருந்து திறந்தாள். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, “வாங்கக்கா, உள்ள வாங்க” என்றாள். என் வீட்டுக்குள் என்னை வா என்று கூப்பிடுகிறாள். சாகிற வரைக்கும் இதை மறக்க மாட்டேன். முற்றத்தைத் தேய்த்து வெள்ளை வெளேரென்று வைத்திருந்தாள், பொட்டுப் பாசி இல்லை. அதையும் மறக்க மாட்டேன்.

தேன்மொழி மாத்திரை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.

“சாவியக் குடு” என்றேன்.

கொடுத்தாள்.

“நீ போ. நான் கொஞ்சம் தனியா இருக்கணும்.”

“தனியாவா? எக்கா, நான் வெளிய...”

“போங்கேன்லா.”

போனாள். கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ் போட்டேன். ஆறு மாதம் கழித்து நானே என் கையால் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறேன். தாழைப் பிடித்தபடி நின்றேன். அப்புறம் வாக்கர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, மெதுவாகத்தான், சுவரோடு சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை. உட்கார்ந்தேன். பை பக்கத்தில்தான் இருந்தது, நோட்டை எடுத்துக்கொண்டேன்.

தரை குளிர்ச்சியாக இருக்கிறது. என் தரை.

சண்முகவடிவு தட்டுகிறாள். “அக்கா, என்ன சத்தம் அது? அக்கா?”

தட்டட்டும்.

“எக்கா, ஒரு சத்தம் குடுங்க. எந்திச்சு வந்து தாழ எடுங்க. எக்கா!”

அவசரக்காரி. என்றைக்குப் பொறுத்தாள்? சுவரைப் பிடித்துப் பார்த்தேன், கை வழுக்குகிறது, வேர்வை. வலது கால் மரத்திருக்கிறது, கார்ப் பயணம், வேறொன்றுமில்லை. மறுபடியும் தட்டுகிறாள். இந்த வரியை முடித்துவிட்டு எழுந்திருப்பேன்.